கிளாஸ்கோ சளிக்குக் கேத்தியிலிருந்து ஒரு பதில்

“அக்கா, எனக்குக் கோத்தகிரி. செப்டம்பரில் முதுகலை படிக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்தேன். நாலு மாதத்தில் நாலு தடவை சளி, காய்ச்சல். ஊரில் உறைபனியிலேயே ஒன்றும் ஆகாதவன் நான். அம்மா பூண்டு லேகியம் அனுப்பட்டுமா என்கிறார். எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடலாம்?” இது ஒரு தம்பி கேட்டது. தன் சாப்பாட்டையும் எழுதியிருந்தார். காலையில் பிரெட், ஜாம், டீ. மதியம் ஏதாவது சாண்ட்விச். ராத்திரி நூடுல்ஸ், இல்லையென்றால் சாதமும் ஊறுகாயும்.

தம்பி, நான் பதினாலு வருஷமாக கிளாஸ்கோவாசி. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தது நம் நீலகிரியில், கேத்தியில், அம்மா வீட்டு அடுப்பங்கரையில். லீவுக்கு வந்திருக்கிறேன். காலையில் உறைபனியில் புல்லெல்லாம் வெள்ளை. பக்கத்துத் தோட்டத்தில் இளம் தேயிலை பனியில் கருகாமல் இருக்க, தாகை என்கிற காட்டுச் செடியை வெட்டிப் போட்டு மூடியிருக்கிறார்கள். அம்மா இன்னும் வெந்நீர் போடுவது விறகடுப்பில்தான். அதற்கு மேலே பரணில், தாளோடு முடிந்த பூண்டுக் கொத்துகள் புகை குடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஒன்றை எடுத்து உரித்தால் வெளித்தோல் கரி, உள்ளே பல் இளஞ்சிவப்பு. வாசனை விரலை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். உங்கள் கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். ஒரு கொத்தைக் காட்டி, “இதைக் கொண்டுபோய்க் கொடு” என்றார். எல்லா அம்மாவும் ஒரே மாதிரிதான்.

நான் டாக்டர் இல்லை. அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். யாருக்கு எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று தினமும் பட்டியல் வரும். அந்த அனுபவத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் உடம்பு கெட்டுப்போய்விடவில்லை. சாதாரணச் சளியைத் தரும் வைரஸ்கள் 200க்கும் மேல். ஊரில் சுற்றுகிறவற்றில் பலவற்றை உங்கள் உடம்பு சின்ன வயதிலேயே பார்த்துப் பழகியிருக்கும். செப்டம்பரில் பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே விடுதியில் கூடும்போது ஆளுக்கொரு புதுச் சரக்கு கொண்டுவருகிறார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திக்கொள்கிறீர்கள். அங்கே இதற்குப் பெயரே ‘ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூ’, புது மாணவர் காய்ச்சல். ஊரில் உறைபனியில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் பூண்டு இல்லை. பனி மட்டும் சளியைக் கொடுக்காது, ஆள்தான் கொடுப்பான்.

பூண்டு பற்றி நேர்மையாகச் சொன்னால், சளியைத் தடுக்கிறதா என்று பார்த்ததில் பேர் சொல்லும்படி இருப்பது ஒரே ஒரு சோதனை. 146 பேர், 12 வாரம். பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 தடவை சளி, எடுக்காதவர்களுக்கு 65. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சோதனையை வைத்து லேகியம் கிண்ட முடியாது. வைட்டமின் சியை நிறைய பேரிடம் சோதித்திருக்கிறார்கள். தினமும் எடுத்தாலும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8 விழுக்காடு போலச் சீக்கிரம் போனது, அவ்வளவே. ஐந்து நாள் சளி என்றால் மிச்சம் பத்து மணி நேரம். அதற்காக ஆரஞ்சு நிறத்தில் நுரைக்கிற மாத்திரையை டப்பா டப்பாவாக வாங்காதீர்கள். ஒரு சிவப்புக் குடைமிளகாயில் ஆரஞ்சை விட அதிக வைட்டமின் சி இருக்கிறது. நறுக்கி அப்படியே கடிக்கலாம்.

மிளகு ரசம், இஞ்சி டீ, மஞ்சள் பால் எல்லாம் குடியுங்கள். தொண்டைக்கு இதம், மூக்கு திறக்கும், வீட்டு ஞாபகம் வரும். மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் தட்டுக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பதில் தேடிய இடம் நம் மலையில்தான் இருக்கிறது, தெரியுமா? குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். 1907 முதல் இருக்கிறது, நாய்க்கடி ஊசிக்குப் பேர்போனது. அங்கே 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்கிற ஐரிஷ் டாக்டர், சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரே ஒரு அறையில் வேலையைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து, பின்னால் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் அவர் என்ன செய்தார் என்றால், வெள்ளை எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்கிற பஞ்சாப் சாப்பாட்டில் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை அதிகமும் மற்றதைக் கொஞ்சமுமாக வைத்த நம் மதராஸ் சாப்பாட்டில் அவை சோர்ந்துபோயின. கொஞ்சம் வலிக்கும் செய்திதான்.

இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாடு. வெள்ளை பிரெட், மார்கரின், மலிவு ஜாம், சர்க்கரை தூக்கலான டீ, டின் இறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். அந்த எலிகள் குட்டையாகி, நுரையீரலிலும் வயிற்றிலும் நோய் கண்டு, ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பாதி அந்தத் தட்டுதான், மீதி மதராஸ் தட்டு. இதன் மேல் பூண்டு லேகியத்தைத் தடவி என்ன பிரயோஜனம்?

சரி, என்ன வாங்கலாம்? உங்களிடம் பணமும் நேரமும் குறைவு என்று தெரியும். டின்னில் வரும் கானாங்கெளுத்தி, மத்தி இரண்டும் சூப்பர் மார்க்கெட்டில் மலிவு. வெங்காயம், தக்காளி வதக்கி, குழம்புப் பொடி போட்டு, டின்னைக் கவிழ்த்தால் பத்து நிமிஷத்தில் மீன் தொக்கு. சைவம் என்றால் பருப்பும் முட்டையும், முட்டையும் ஆகாதென்றால் பருப்போடு பயறும். பச்சைப் பயறை ஊறவைத்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் மூடிவைத்தால் இரண்டு நாளில் முளைவிடும். முளைத்த பயறிலிருந்து துத்தநாகத்தை உடம்பு சுலபமாக இழுத்துக்கொள்ளும், எதிர்ப்பு அணுக்களுக்கு அது வேண்டும். உறைய வைத்த கீரை, பட்டாணியை மட்டமாக நினைக்காதீர்கள். பறித்ததும் உறைய வைப்பதால் சத்து பெரிதாகப் போவதில்லை. கேத்திப் பாலாடாவில் கழுவிய கேரட்டைக் கடித்து வளர்ந்தவர்களுக்கு மனசு ஒப்பாது, எனக்கும் ஒரு வருஷம் ஒப்பவில்லை. அப்புறம் ஓட்ஸ். ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம் அதைத் தண்ணீரும் உப்பும் போட்டுக் கிண்டுவது, நம் கஞ்சி மாதிரியே. ஆறவைத்து, உயிருள்ள கிருமி இருக்கும் தயிராகப் பார்த்து வாங்கி, கடைந்து மோராக்கி ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். ஜாமுக்குக் கும்பிடு போட்டுவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் எந்தச் சமையலிலும் போதுமான அளவு கிடைக்காது, வெயில். என் முதல் குளிர்காலம் சொல்கிறேன். எலுமிச்சையும் இஞ்சியும் தேனுமாக லிட்டர் கணக்கில் குடித்தேன். ஆனால் மாடி ஏறினால் தொடை வலிக்கும், தலை சீவினால் சீப்பு நிறைய முடி, எப்போதும் அசதி. வீட்டு ஏக்கம் என்று நினைத்து மூன்று மாதம் சும்மா இருந்தேன். அப்புறம் கிளினிக்குக்குப் போனால், முதலில் பார்த்த டாக்டரும் வீட்டு ஏக்கம் என்றுதான் சொன்னார். இரண்டாவது தடவை போனபோது ரத்தம் எடுத்ததில் வைட்டமின் டி அடிமட்டத்தில். டிசம்பரில் கிளாஸ்கோவில் பகல் ஏழு மணி நேரம், நாலு மணிக்குள் இருட்டு. அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அந்த வெயிலுக்குத் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் தெம்பில்லை. அங்கே பாலிலும் பொதுவாக அதைச் சேர்ப்பதில்லை. குளிர்காலத்தில் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கச் சொல்வது பிரிட்டன் அரசின் அறிவுரை, நம்மைப் போல் கறுத்த தோல்காரர்களுக்கு வருஷம் முழுவதும். டப்பாவில் 400 ஐ.யு. என்று போட்டிருக்கும், இரண்டும் ஒரே அளவு. எதிர்ப்பு சக்திக்கென்று நீங்கள் வாங்க வேண்டிய மாத்திரை இது ஒன்றுதான். நல்லதுதானே என்று அள்ளிப் போடக் கூடாது, அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

இன்னும் ஜி.பி. சர்ஜரியில் பதியவில்லை என்றால் நாளைக்கே போங்கள். சர்ஜரி என்றதும் பயப்பட வேண்டாம், பக்கத்து டாக்டர் கிளினிக்கைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். விசாவோடு மருத்துவக் கட்டணமும் கட்டித்தானே வந்தீர்கள், தயங்காதீர்கள். தட்டம்மை, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்பிட்ட கிருமியை உடம்புக்கு அடையாளம் காட்டும் வேலையை ஊசிதான் செய்யும், நெல்லிக்காய் செய்யாது. இருமல் மூன்று வாரம் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, ராத்திரி வியர்த்தாலோ லேகியத்தை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அம்மாவிடம் நெய் மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அந்த நாட்டில் அனுமதி இல்லை, விமான நிலையத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். போன தடவை என் அரைக் கிலோ போனது. நான் பிப்ரவரி முதல் வாரம் திரும்புகிறேன். அம்மா இப்போதே மிளகு காயவைக்க ஆரம்பித்துவிட்டார். பருப்புப் பொடியும் ரசப் பொடியும் உங்களுக்கும் சேர்த்து இடிக்கலாமா, காரம் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறார், எழுதுங்கள்.