யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மெயிலிலேயே விலை பேசிக் கார் வாங்க முடியுமா?

முடியும். 2025 செப்டெம்பரில் நான் அப்படித்தான் வாங்கினேன். வீடு கொக்குவிலில். அம்மாவை மாதத்தில் இரண்டு தரம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். முழங்கால் நோவோடு ஓட்டோவில் ஏறி இறங்க அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் கார் எடுக்க நினைத்தோம். கதவு உயரமாக இருக்க வேண்டும் என்பதால் ஜப்பானில் இருந்து வரும் சுசுகி வேகன் ஆர் என்று முதலே முடிவு செய்துவிட்டேன். எந்தக் கார், எந்த வருடம் என்று தெளிவில்லாமல் மெயில் போட்டால் "நேரில் வந்து பாருங்கள்" என்ற ஒற்றை வரிதான் திரும்பி வரும்.

முதலில் நேரில்தான் போனேன். மாமாவுக்குத் தெரிந்தவரின் கார் சேல், அதாவது கார் விற்கும் இடம். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. "தம்பி, உங்களிட்ட நான் லாபம் பார்ப்பனோ?" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பதிவுச் செலவு யாருடையது, ஒக்ஷன் சீட் (ஜப்பான் ஏலத்தில் காரைச் சோதித்து எழுதிய தாள்) எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் மாமா வேறு இருக்கிறார். எங்கள் ஊரில் பேரம் கெடுவது பெரும்பாலும் இந்த முகத்தாட்சண்யத்தால்தான். மெயிலில் அது இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கலாம். விற்பவரும் யோசித்துப் பதில் எழுதலாம்.

அன்று இரவே 7 இடங்களுக்கு ஒரே மெயிலைத் தனித்தனியாக அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் 2, கொழும்புப் பக்கம் 5. எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"வணக்கம். இன்ன வருடத் தயாரிப்பு, இன்ன மொடல் வேகன் ஆர் ஒன்று இந்த மாதத்துக்குள் வாங்க இருக்கிறேன். வற் வரி, பதிவு, நம்பர் பிளேட், மற்ற எல்லாக் கட்டணங்களும் சேர்த்து, சாவி கைக்கு வரும்போது நான் கட்டி முடித்திருக்க வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? அந்த விலை எந்தத் திகதி வரை? முழு ஒக்ஷன் சீட்டையும் செசி நம்பரையும் அனுப்ப முடியுமா? முற்பணம் கட்டினால், எந்த நிலையில் அது திரும்பக் கிடைக்கும்?"

"கடைசி விலை என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் பதிவுச் செலவைச் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் சேர்க்காமல் சொல்வார். இரண்டையும் ஒப்பிடவே முடியாது. எனக்கு 4 பேர் ஒழுங்காகப் பதில் எழுதினார்கள். அதில் ஆகக் குறைந்த விலை சொன்னவரின் மெயிலில் கீழே சின்னதாக ஒரு வரி: வரியும் பதிவும் தனி. கூட்டிப் பார்த்தால் அவர் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். ஐந்தாமவர் போன் நம்பரைத் தந்து "எடுங்கோ, கதைப்பம்" என்றார். நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் எழுதித் தராத விலை விலை இல்லை. மற்ற இருவரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை.

எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இன்று காரின் விலையில் பெரிய பங்கு துறைமுகத்தில் கட்டுகிற வரி. அதில் விற்பவர் ஒரு ரூபாயும் குறைக்க முடியாது. அவர் கையில் இருப்பது தன்னுடைய லாபமும், கோப்புச் செலவு, ஏற்றுக்கூலி என்று மேலே போடுகிற சில்லறைகளும்தான். பேரம் அந்த இடத்தில்தான். பத்து லட்சம் குறையுங்கள் என்று எழுதினால் மெயிலை மூடிவிடுவார்.

ஒக்ஷன் சீட்டைப் பற்றி கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் ஏலத்தில் காரைச் சோதித்து எழுதும் ஒற்றைத் தாள் அது. மேலே மூலையில் 4, 4.5 என்று தரம் இருக்கும். அந்த இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. கீழே காரின் படத்தில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்தது, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றியது. எனக்கு வந்த ஒரு சீட்டில் தரம் எழுதிய மூலை மட்டும் படத்தில் விழவில்லை. "முழுத்தாளையும் அனுப்புங்கள்" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து வந்தது: ஆர். நேரில் போயிருந்தால் அந்தப் பளபளப்பைப் பார்த்து நானே சரி என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம், மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவருக்கு இரண்டாவது மெயில். "இதே தரத்தில், எல்லாம் சேர்த்து இன்ன மொத்த விலைக்கு வேறொரு இடத்தில் எழுத்தில் தந்திருக்கிறார்கள். உங்கள் கார்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தத் தொகைக்குத் தர முடிந்தால் வெள்ளிக்கிழமை வந்து பார்த்து முற்பணம் கட்டுகிறேன்." மற்றவரின் பெயரைச் சொல்லவில்லை, இல்லாத விலையையும் சொல்லவில்லை. பொய் விலை சொன்னால் "சரி, அங்கேயே எடுங்கள்" என்று விடுவார். பிறகு போக இடமிருக்காது. இன்னொன்று, உங்கள் மெயிலைப் படிப்பவர் பெரும்பாலும் விலையைத் தீர்மானிப்பவராக இருக்கமாட்டார், மேலே மனேஜருக்கு அனுப்புவார். அவர் அப்படியே அனுப்பக்கூடிய மாதிரி மரியாதையாக, சுருக்கமாக எழுதுங்கள். 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கழிவோடு புதன்கிழமை பதில் வந்தது.

லீசிங் எடுப்பதாக இருந்தால் காரின் விலை எழுத்தில் முடிந்த பிறகு அந்தக் கதையைத் தொடங்குங்கள். முதலே சொன்னால் மாதக் கட்டணத்தைக் காட்டிக் கதைப்பார்கள், மொத்த விலை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

காரைப் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள், மெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும். நான் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கே இருக்கிற மச்சானையும் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். பொனட்டைத் திறந்து, காரில் பொறித்திருக்கும் செசி நம்பரை ஒக்ஷன் சீட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம்.

பில் எழுதும்போது கோப்புச் செலவு என்று 45 ஆயிரம் சேர்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிரின்ட் எடுத்துக் கொண்டுபோன மெயிலை மேசையில் வைத்து "எல்லாக் கட்டணங்களும் சேர்த்து" என்ற வரியில் விரலை வைத்தேன். பில் எழுதிய பிள்ளை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பேனையால் அந்த வரியை வெட்டிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை அந்த மெயில் ஒன்றையும் அழிக்காதீர்கள்.