வெறும் புல்

அன்புள்ள ஐயா,

நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றங்கரையில் வசிக்கிறேன். எங்கள் முற்றத்துக்கு எறும்பு தின்ன ஒரு ஃப்ளிக்கர் மரங்கொத்தி வருகிறது. கிழக்கத்திய வகைக்குச் சிறகின் அடிப்பக்கம் மஞ்சள், மேற்கத்தியதற்குச் சிவப்பு என்கிறது புத்தகம். இதற்கோ ஆரஞ்சு. கலப்பு என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆற்றோர மரங்களை விட்டால் இங்கே சுற்றிலும் வெறும் புல்தான். இருந்தும் இனம் இப்படிக் கெட்டுப்போவது ஏன்? தடுக்க முடியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முற்றத்தில் எறும்பு பொறுக்கும் பறவையின் சிறகடி நிறம் வரை கவனித்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் "வெறும் புல்" என்று எழுதலாமா? சில மாதங்களாக என்னைத் தூங்கவிடாத சொல் அது.

'கெட்டுப்போவது' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலப்பு ஜோடிகளும் மற்ற ஜோடிகளைப் போலவே குஞ்சு வளர்க்கின்றன என்று 1980களிலேயே கூடு கூடாக எண்ணிப் பார்த்துவிட்டார்கள். 1973 முதல் இரண்டையும் ஒரே இனமாகத்தான் அமெரிக்கப் பறவையியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். பறவைக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதற்கு? தூய்மைப் பேச்சை அங்கேயுமா கொண்டுபோக வேண்டும்?

சரி, புல்லுக்கு வருகிறேன். இந்த மரங்கொத்தி தரையில் மேய்ந்தாலும், கூடு வைக்க அதற்கு மரப்பொந்து வேண்டும். கிழக்குக் காடுகளுக்கும் ராக்கி மலைக்கும் நடுவே பல நூறு மைல் புல் கிடந்தது. அது சும்மா கிடக்கவில்லை. தீயும் வறட்சியும் காட்டெருமைக் கூட்டங்களும் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. பனி உருகி வரும் வெள்ளம் பிளாட் ஆற்றின் மணல்திட்டுகளை வருஷா வருஷம் வழித்துவிட்டது. ஆற்றோரங்களில் அங்கங்கே மரம் இருந்தது உண்மைதான். 1843இல் மிசௌரி ஆற்றில் பயணம் போன பறவை ஓவியர் ஆடுபானே கலப்பு ஃப்ளிக்கர்களைப் பார்த்திருக்கிறார்.

அப்புறம் குடியேறியவர்கள் தீயை அணைத்தார்கள், எருமைகளைக் கொன்று தீர்த்தார்கள். மரம் நடுவதற்கென்று ஒரு நாளை 1872இல் தொடங்கியது உங்கள் நெப்ராஸ்காதான். 1934க்குப் பிறகு, ரூஸ்வெல்ட் ஆட்சியில், காற்றைத் தடுக்க வடக்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை 20 கோடிக்கு மேல் மரங்கள் நட்டார்கள். மேலே அணை கட்டித் தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பியதும் வெள்ளம் அடங்கி, மணல்திட்டெல்லாம் காட்டன்வுட் காடாகிவிட்டது. அந்த மரங்களைப் பிடித்துக்கொண்டு கிழக்குப் பறவையும் மேற்குப் பறவையும் நெருங்கின. பால்டிமோர் ஓரியோல் என்ற கிழக்குப் பறவையும் புல்லக் ஓரியோல் என்ற மேற்குப் பறவையும்கூட அங்கே கலக்கின்றன. அவற்றை 1973இல் ஒரே இனமாகச் சேர்த்தவர்கள் 1995இல் திரும்பப் பிரித்தார்கள். புல் இத்தனை காலம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று இப்போதாவது தெரிகிறதா?

எனக்கும் இளவயதில் தெரியவில்லை. கல்லூரி நாட்களில் ஊட்டிக்கு மேலே ஒரு புல்சரிவில் சீகை (வாட்டில்) மரக்கன்று நட எங்களை அழைத்துப்போனார்கள். "சும்மா கிடக்கிற இடம்" என்றார்கள். நான் குழி வெட்டிய இடத்துக்கு நான்கடி தள்ளி, புல்லுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பறவை எழுந்து கத்திக்கொண்டே சுற்றியது. கூடு இருக்குமோ என்று நினைக்கக்கூட இல்லை. நட்டுவிட்டு வந்தேன். அது நீலகிரி நெட்டைக்காலியாக இருக்கலாம். தென்மேற்கு இந்தியாவின் மலையுச்சிப் புல்வெளிகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பல வருஷம் கழித்துப் போனேன். சீகை அடர்ந்து இருண்டு கிடந்தது. புல் இல்லை.

நீங்கள் கேட்ட 'தடுப்பது' இருக்கட்டும். மார்ச்சில் பிளாட் ஆற்றுக்குப் போய் லட்சக்கணக்கில் இறங்கும் சாண்ட்ஹில் கொக்குகளைப் பாருங்கள். அவை இரவு தங்கத் திறந்த மணல் வேண்டுமென்று அங்கே இப்போது மரங்களை வெட்டுகிறார்கள்.

உங்கள் பறவையையும் இன்னொரு முறை பாருங்கள். கலப்பு என்று சொல்லச் சிறகு மட்டும் போதாது. கிழக்கே ஹனிசக்கிள் புதரின் பழத்தைத் தின்றே மஞ்சள் ஃப்ளிக்கர்களுக்குச் சிறகு சிவந்திருக்கிறது. ஆண் என்றால் கன்னத்து மீசைக்கோடு கறுப்பா சிவப்பா, பிடரியில் சிவப்புப் பிறை உண்டா என்று பார்த்து எழுதுங்கள்.