இரண்டு முதலிடப் பாடல்களை எழுதிய ஜமைக்காக்காரர்

கேள்வி: 1966-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘கீப் ஆன் ரன்னிங்’ பாடலை எழுதியவர் ஜமைக்காவில் பிறந்த ஒரு பாடகர் என்கிறார்களே, யார் அவர்? அவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை?
– வாசகர், மதுரை

பதில்: அவர் பெயர் ஜாக்கி எட்வர்ட்ஸ். 1938-இல் பிறந்த அவர், கடல் கடப்பதற்கு முன்பே தாய்நாட்டில் பெயர் பெற்ற பாடகராக இருந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘டெல் மீ டார்லிங்’ போன்ற காதல் பாடல்களில் ஒலித்த அந்த இதமான குரலை அங்குள்ளவர்கள் அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் குரலோடு ஒப்பிட்டார்கள்.

ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல் 1962-இல் தம் தொழிலை லண்டனுக்கு மாற்றியபோது எட்வர்ட்ஸும் அங்கே சென்றார். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்த பகுதிகளின் கடைகளுக்கு, பிளாக்வெல்லே காரில் இசைத்தட்டுகளை ஏற்றிச் சென்று விற்ற காலம் அது. எட்வர்ட்ஸ் தனியாகவும் ஜமைக்கா பாடகி மில்லி ஸ்மாலுடன் சேர்ந்தும் பாடினார், பிறருக்குப் பாட்டு எழுதினார். போதாக்குறைக்கு, இசைத்தட்டுகளைக் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஊரறிந்த ஒரு பாடகர் இதையும் முகம் சுளிக்காமல் செய்தார் என்பதை எண்ணும்போது, அவர்மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

‘கீப் ஆன் ரன்னிங்’ பாடலை எட்வர்ட்ஸ் தாமே பாடிப் பதிவு செய்திருந்தார். ஆனால், பர்மிங்காமைச் சேர்ந்த ஸ்பென்சர் டேவிஸ் குழு, கரகரக்கும் மின்கிட்டாருடனும் 17 வயது ஸ்டீவ் வின்வுட்டின் முழக்கமான குரலுடனும் 1965 இறுதியில் வெளியிட்ட வடிவம்தான், 1966 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவையே கீழே இறக்கி முதலிடத்தில் அமர்ந்தது. எட்வர்ட்ஸ் எழுதிய ‘சம்படி ஹெல்ப் மீ’ பாடலையும் அதே குழு பாடி, அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் முதலிடம் பெற்றது. நான்கு மாதங்களுக்குள் இரண்டு முதலிடங்கள்! இருந்தும், இசைத்தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளில் பாடல் தலைப்பின் கீழே சிறிய எழுத்தில்தான் அவர் பெயர் அச்சாகியிருந்தது. வானொலியில் கேட்டவர்களுக்கும் மேடையில் கண்டவர்களுக்கும் அது வின்வுட்டின் பாட்டாகவே பதிந்துவிட்டது. பாடலாசிரியராக அவர் பெற்ற வெற்றியே பாடகரான அவரை மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

1970-களில் அவர் ஜமைக்காவில் தயாரிப்பாளர் பன்னி லீயுடன் இணைந்து மீண்டும் பல பாடல்களைப் பதிவு செய்தார், 1992-இல் காலமானார். அவர் குரலைக் கேட்க விரும்பினால் ‘கம் ஆன் ஹோம்’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கேட்ட பாடலும் அதில் அவர் குரலிலேயே இருக்கிறது.