ஜன்னல் வழியே தள்ளிவிட ஒரு சொல்: வாசகர் கேள்வி-பதில்

'ஆடம்பரமான' என்று பொருள்படும் 'போஷ்' என்ற ஆங்கிலச் சொல் கப்பல் டிக்கெட்டிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஆனால் கதை என்னவோ அருமையான கதைதான். இங்கிலாந்திலிருந்து கீழ்த்திசைக்குக் கப்பலேறும் பணக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவார்களாம். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளைப் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் டிக்கெட்டில் முத்திரையாகக் குத்துமாம். அப்படிக் குத்திய டிக்கெட் ஒன்றைக்கூட யாரும் எடுத்துக் காட்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கொச்சை வழக்கில் சில்லறைக் காசுக்கும், பிறகு ஆடம்பரமாக உடுத்தித் திரிகிறவனுக்கும் 'போஷ்' என்ற பெயர் இருந்தது. அங்கே தேடுவதுதான் நியாயம்.

இந்த மாதிரி 'விரிவாக்க'க் கதைகள் எனக்கு வாராவாரம் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, தேதி பார்ப்பது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது விரிவாக்கம் சொன்னால் நம்பாதீர்கள். 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து அல்ல. 'புதியவை' என்று பொருள், அவ்வளவுதான். 'கோல்ஃப்' என்பது 'ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்', அதாவது 'ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை' என்பதன் சுருக்கமாம்! 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தைத் தடைசெய்த சட்டத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. தடை பெண்களுக்கு அல்ல, எல்லோருக்கும்தான். வில் பயிற்சியை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது அரசாங்கத்தின் கவலை.

'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்றால் ஒருவரை ஜன்னல் வழியே தூக்கி எறிவது என்று படித்தேன். இதற்கெல்லாமா ஒரு சொல் தேவைப்பட்டது?

பிராக் நகரத்துக்குத் தேவைப்பட்டது. 'ஃபெனஸ்ட்ரா' என்றால் லத்தீனில் ஜன்னல். 'டி' முன்னொட்டு, வெளியே. 1618 மே 23 அன்று பிராக் கோட்டைக்குள் புகுந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், புனித ரோமானியப் பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகளான ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும் ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்கள். கூடவே இருந்த பாவத்துக்கு எழுத்தர் ஃபப்ரீசியஸும் போனார். ஏறக்குறைய 70 அடி உயரம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

எப்படிப் பிழைத்தார்கள் என்பதிலும் கட்சி இருந்தது. மாதாவே தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. இந்தச் சம்பவம்தான் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போருக்குத் திரி கொளுத்தியது. எழுத்தருக்கு மட்டும் பின்னால் நல்ல காலம் பிறந்தது. பேரரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பெயர் 'ஃபான் ஹோஹென்ஃபால்', அதாவது 'உயர்வீழ்ச்சியார்'. நான் இட்டுக்கட்டவில்லை. அதே நகரத்தில் 1419இலும் இப்படி ஓர் எறிதல் நடந்திருக்கிறது.

மழை பட்டதும் எழும் மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிகோர்' என்கிறார்களே, அது பழைய கிரேக்கச் சொல்லா?

உறுப்புகள் பழையவை, சொல் புதியது. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்காக உருவாக்கியது. 'பெட்ரா' பாறை, 'இகோர்' கிரேக்கத் தெய்வங்களின் நரம்புகளில் இரத்தத்துக்குப் பதில் ஓடும் திரவம். காய்ந்த நாட்களில் செடிகள் கசியவிடும் எண்ணெய் மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடக்கும், மழைத்துளி பட்டதும் காற்றில் ஏறும் என்று அவர்கள் கண்டார்கள். மண்ணின் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளும் அந்த வாசனையில் சேர்ந்துகொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொற்களில் இத்தனை அழகானவை குறைவு.

ஆங்கிலத்தில் 29 எழுத்துள்ள 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்' எதற்குப் பயன்படும்?

வினாடி வினாவுக்கு. ஒன்றைத் துச்சமாக மதிப்பது என்று பொருள். 'அற்பம்' என்பதற்குரிய நான்கு லத்தீன் சொற்களை, பள்ளிக்கூட இலக்கணப் பாடத்திலிருந்து எடுத்து, விளையாட்டாக ஒட்டியிருக்கிறார்கள்: கம்பளிப் பிசிறு, சல்லிப் பொருள், ஒன்றுமில்லாதது, முடி. கடைசிச் சொல்லைப் பாருங்கள். மதிக்காத ஒன்றுக்கு முடியை உவமை சொல்வதில் லத்தீன்காரர்களும் நம் கட்சிதான்.

பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்பதில் வரும் 'நிக்' என்ன?

அப்படி ஒரு 'நிக்' கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் கூடுதல். கூடுதல் பெயர் 'ஈக்நேம்'. முன்னால் 'அன்' சேர்த்து 'அன் ஈக்நேம்' என்று வேகமாகச் சொல்லும்போது, 'ன்' ஒலி இடம் மாறி 'அ நீக்நேம்' என்று காதில் விழுந்தது. அதையே எழுதிவிட்டார்கள். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது ஆச்சரியமே இல்லை. சேர்ந்ததைத் தவறான இடத்தில் பிரித்திருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்'. அதன் உறவான 'நேப்கின்' மட்டும் அந்த முதல் ஒலியை விடாமல் வைத்திருக்கிறது. 'அம்பயர்' முன்பு 'நவும்பியர்', பழைய பிரெஞ்சில் 'இணை அல்லாதவர்', அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள். தொலைந்த எழுத்தைத் திருப்பி வைத்தால்தான் அர்த்தம் தெரிகிறது.

அகராதியில் இருந்தாலே அது உண்மையான சொல்தானே?

'டோர்ட்' என்று ஒரு சொல் 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் இருந்தது. பொருள்: அடர்த்தி. அப்படி ஒரு சொல்லை யாரும் பேசியதுமில்லை, எழுதியதுமில்லை.

நடந்தது இது. 1931இல் வேதியியல் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர், 'டி ஆர் டி' (D or d), அதாவது 'டி அல்லது டி' என்று ஒரு சீட்டில் தட்டச்சுச் செய்து அனுப்பினார். பெரிய டி எழுதினாலும் சின்ன டி எழுதினாலும் 'டென்சிட்டி' என்பதன் சுருக்கமே என்று அர்த்தம். சுருக்கங்களின் பட்டியலுக்குப் போயிருக்க வேண்டிய சீட்டு, சொற்களின் கட்டுக்குள் விழுந்துவிட்டது. எழுத்துகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை யாரோ கவனிக்கவில்லை. உச்சரிப்புக் குறிப்பு உட்பட எல்லாம் சேர்த்து அச்சேற்றினார்கள்.

1939இல் வேறோர் ஆசிரியர் அந்தப் பதிவில் சொற்பிறப்பு மட்டும் இல்லையே என்று நெற்றியைச் சுருக்கியபோதுதான் குட்டு உடைந்தது. அச்சுத் தகட்டிலிருந்து 'டோர்ட்'டை நீக்கியதும் அந்த இடம் காலியாக நின்றது. பக்கத்துப் பதிவின் விளக்கத்தில் இரண்டொரு சொல்லைக் கூட்டி அதை அடைத்துவிட்டார்கள்.