பர்மாவை எப்போது இழந்தோம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் 1929 பெருமந்தம் பற்றி இரண்டு பக்கம் படித்ததோடு சரி. ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததே இல்லை. நியூயார்க்கில் பங்கு விலை விழுந்தால் பெர்லினில் ஏன் ஹிட்லர் வரவேண்டும்? இடையில் என்ன நடந்தது? தங்க நாணயத் திட்டம்தான் காரணம் என்கிறார்கள், அது இன்னும் குழப்புகிறது. இன்றைக்கும் அப்படி ஒன்று நடக்குமா?

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் இல்லாததுதான். எங்கள் பாட்டையா பர்மாவில் கொண்டுவிற்றவர், அதாவது அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டியார். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நிலம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். காடாகக் கிடந்த இடத்தை வயலாக்கிக் கொடுத்தவர்கள் நாம், பர்மாக்காரனுக்கு அந்த நன்றி இல்லை என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். இதைப் பற்றியும் நீங்கள் எழுதலாமே.

எம்., காரைக்குடி

அன்புள்ள எம்.,

சம்பந்தம் இல்லாதது என்று ஓரமாக வைத்தீர்களே, அந்தப் பத்திக்காகத்தான் இந்தப் பதில். ஒரு மாதமாக என் தாத்தாவின் பழைய பேரேடு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் நீங்கள் கேட்டதற்கு. ஜெர்மனி 1924-க்குப் பிறகு அமெரிக்கக் கடனை ஊன்றி எழுந்த நாடு. அதில் நிறையவும் குறுகிய காலக் கடன். நியூயார்க்கில் அடி விழுந்ததும் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். 1930 மார்ச்சில் ஜெர்மனியின் சான்சலராக (பிரதமராக) பதவிக்கு வந்த புரூனிங் சம்பளத்தை வெட்டினார், வரியை ஏற்றினார். நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளாதபோது ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகளை வைத்து ஆட்சி நடத்தினார். 1931 மே மாதம் வியன்னாவில் கிரெடிட்டான்ஸ்டால்ட் வங்கி சரிந்தது, ஜூலையில் ஜெர்மன் வங்கிகள் கதவை மூடின. 1932 தொடக்கத்தில் வேலையில்லாமல் நின்றவர்கள் 60 லட்சம் பேர். 1928-ல் நாடாளுமன்றத்தில் 12 இடம் வாங்கிய ஹிட்லரின் நாஜிக் கட்சி 1930 செப்டம்பரில் 107 இடம் வாங்கியது, 1932 ஜூலையில் 230.

ஆனால் இந்தக் கதையில் வேலையில்லாத நகரத்து ஆட்களை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்று ஒரு மாகாணம். மாடும் பன்றியும் வளர்க்கும் குடியானவர்கள் நிறைந்த ஊர். 1928-ல் அங்கே நாஜிகளுக்குக் கிடைத்தது 4 சதவீத ஓட்டு. பங்குச் சந்தை விழுவதற்கு முன்பே அவர்களுடைய விளைபொருளுக்கு விலை விழ ஆரம்பித்துவிட்டது. கடன் கட்ட முடியாத பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. கறுப்புக் கொடியோடு ஊர்வலம் போனார்கள், வரி அலுவலகங்களில் குண்டு வைத்தார்கள். 1932 ஜூலையில் அதே மாகாணம் ஹிட்லருக்கு 51 சதவீதம் ஓட்டுப் போட்டது. இந்தக் குடியானவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க நாணயத் திட்டம், அதாவது பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாடு, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நமக்கு அதில் வேண்டியது ஒன்றுதான். ரூபாயின் மதிப்பை பிரிட்டிஷ் நாணயத்தில் 1 ஷில்லிங் 6 பென்ஸில் பிடித்து வைப்பதற்காக இந்திய அரசாங்கம் பணப்புழக்கத்தைச் சுருக்கியது. பர்மாவிலும் அதே ரூபாய்தான், 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இன்றைக்கும் அப்படி நடக்குமா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி உங்கள் பாட்டையா. 1942-ல் அவர் விட்டுவிட்டு வந்த நிலம் இருக்கிறதே, அது அவர் பேருக்கு எந்த வருஷம் வந்தது? வீட்டில் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அதில் பெரும்பகுதி 1930-க்குப் பிறகு எழுதி வாங்கியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1937-ல் 25 சதவீதம். ஏழே வருஷத்தில் நாலு மடங்கு. இது வளர்ச்சி என்று நினைத்தீர்களானால் முழுக்கத் தவறு. வட்டிக்கடைக்கு வேண்டியது பணம். கொடுத்த பணம் வட்டியோடு திரும்ப வந்து மறுபடியும் வெளியே போகவேண்டும். பணத்துக்குப் பதில் நிலம் வந்தால் தொழில் நின்றுவிட்டது என்று அர்த்தம். நீங்கள் 1942-ல் போனதாகச் சொல்லும் பர்மா 1931-லேயே போய்விட்டது. ஜப்பான்காரன் வந்து எடுத்துக்கொண்டது பத்திரங்களைத்தான்.

எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது, அதனால் ரப்பர் விலை படுத்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் அங்கே சாப்பிட்டது பர்மா அரிசி. ஐரோப்பாவிலோ கோதுமை மலிந்து கிடந்தது. உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாட்டின் நெல்லுக்கு ஆள் குறைந்தது. 1920-களின் நடுவில் இருந்த விலையில் பாதிக்கும் கீழே போனது 1931-ல்.

பர்மாவில் நெல் விலையை நூறு கூடைக்கு இத்தனை ரூபாய் என்று சொல்வார்கள். கணக்குக்காக, நூறு கூடை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 600 ரூபாய் கடன் வாங்கிய விவசாயி 400 கூடை நெல் கடன்பட்டிருக்கிறான். நெல் 75 ரூபாய்க்கு விழுகிறது. பத்திரத்தில் அதே 600 ரூபாய்தான் இருக்கிறது, யாரும் அதைத் திருத்தவில்லை. ஆனால் அவன் இப்போது 800 கூடை கடன்பட்டிருக்கிறான். ஒரு பைசா புதிதாக வாங்காமல் கடன் இரண்டு மடங்கு. வட்டியும் இரண்டு மடங்கு. நாற்று நடக் கூலி, மாட்டுக்கு வாங்கிய கடன், எல்லாம் அப்படியே. விலைவாசி ஏறுவதைப் பற்றித்தான் நாம் எப்போதும் பயப்படுகிறோம். கடன்பட்ட நாட்டில் விலை விழுவது அதைவிடக் கொடுமை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை.

என் தாத்தா தேவகோட்டைப் பக்கத்து ஊர். செட்டியார் இல்லை. 14 வயதில் ஒரு செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கப்பலேறினார். ஐராவதிக் கழிமுகத்தில் பியாப்பன் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடை. 1931 அறுவடை முடிந்தபோது அவருக்கு 19 வயது, அடுத்தாளாகியிருந்தார், கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த இடம். ஒரு பர்மிய விவசாயி, வருஷா வருஷம் சொன்ன தேதிக்கு வருகிறவர், ஆற்றங்கரையில் தரகரிடம் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு வந்தார். மேலாள் எண்ணிப் பார்த்துவிட்டு, இது வட்டிக்கே காணாது என்றார். அந்த மனிதர் சண்டை போடவில்லை. "போன வருஷம் கொண்டுவந்த அதே கூடைதான். ஒரு கூடைகூடக் குறையவில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். மேலாள் விலையைச் சொல்கிறார், அவர் கூடையைச் சொல்கிறார். தாத்தா பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வருஷம் அவருடைய நிலம் கடைக்கு வந்தது. அவர் அதே நிலத்தில் குத்தகைக்கு இருந்தார். அதற்கடுத்த வருஷம் அதுவும் இல்லை.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது தாத்தா இதைச் சொல்வார். சொல்லிவிட்டு, "அவன் என்னடா தப்புப் பண்ணினான்?" என்று எங்களைக் கேட்பார். குழந்தைகளான எங்களுக்கு என்ன பதில் தெரியும்? ஏதாவது சொல்லுங்கடா என்பது போலவே பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் நன்றி என்று எழுதியதைப் படித்தபோது அந்த விவசாயிதான் கண்முன் வந்தார். தம்பி, கோபத்தோடுதான் சொல்கிறேன், அந்த வார்த்தையை இனி எழுதாதீர்கள். கழிமுகத்துக் காட்டை வெட்டியவர்கள் யார்? மேல் பர்மாவிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்த பர்மிய விவசாயிகள். மலேரியாவில் செத்தவர்களும் அவர்கள். வயலில் கூலி வேலைக்குத் தமிழரும் தெலுங்கரும் போனது உண்மை. செட்டியார் கடைகள் கொடுத்தது பணம். பெரிய பணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. 1930 வாக்கில் பர்மா முழுக்க 1,650 கடைகள், ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அந்தப் பணம் இல்லாமல் அந்த வயல்கள் இல்லை. அதற்கு வட்டி வாங்கியாயிற்று. அதற்கு மேல் நன்றி எதற்கு?

அதற்காக உங்கள் பாட்டையாவை வில்லனாக நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. தமிழில் கடன்காரன் என்றால் கொடுத்தவனும்தான், வாங்கியவனும்தான். அவர் இரண்டுமாக இருந்தார். அவர் கொடுத்த பணம் முழுக்க அவருடையது இல்லை. அதில் ஆச்சிமார், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்கள், பணம் இருந்திருக்கும், உறவுக்காரர் போட்டுவைத்தது இருந்திருக்கும், வங்கிக் கடனும் இருந்திருக்கும். அவர்களுக்கு நிலத்தைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது, ரூபாயாகவே கொடுக்கவேண்டும். நிலத்தை விற்கலாமென்றால் வாங்க யாரிடம் காசு? ஐந்தொகையில், அதாவது வரவு செலவு, சொத்து கடன் கணக்கில், சொத்து நிறைய இருந்தது, பெட்டியைத் திறந்தால் ஒன்றும் இல்லை. மேலாளின் மூன்று வருஷத் தவணை முடிந்தும் கணக்கை முடிக்க முடியாமல் பலர் அங்கேயே கிடந்தார்கள். உங்கள் பாட்டையா ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். அதை உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, ஜப்பான் குண்டைத்தான் சொன்னார்கள். குண்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்வது சுலபம்.

வரியும் பத்திரத்து எண்ணைப் போலத்தான். கீழ் பர்மாவில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் வருஷத்துக்கு 5 ரூபாய் தலைவரி கட்டவேண்டும். நெல் பாதி விலைக்குப் போனபோதும் 5 ரூபாய் 5 ரூபாயாகவே இருந்தது. 1930 டிசம்பரில் தாராவதி மாவட்டத்துக்கு வந்த தற்காலிக ஆளுநர் மவுங் ஜீயிடம் வரியைத் தள்ளிவைக்கும்படி மக்கள் கேட்டார்கள். அவரும் பர்மியர்தான். முடியாது என்றார். டிசம்பர் 22 இரவு கலகம் வெடித்தது. நாட்டு வைத்தியராக இருந்த சயா சான் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டார். மந்திரித்த தாயத்தையும் பச்சை குத்தியதையும் நம்பித் துப்பாக்கிக்கு எதிரே போனார்கள் குடியானவர்கள். ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். சயா சானை 1931 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். அவருக்காக வாதாடிய பா மாவ் 1937-ல் பர்மாவின் முதல் பிரதமரானார்.

அதே 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு வைத்தன. வேலைநிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மே 26-ல் ஆரம்பித்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். கூலியைக் குறைத்தே வைத்திருந்தவர்கள் ஒருவர் மேலும் ஒரு அடி விழவில்லை. அந்தக் கலவரத்தின் சூட்டில்தான் நாங்கள் பர்மியர் என்ற முழக்கத்தோடு தோபமா இயக்கம் பிறந்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் குடியானவனுக்குக் காட்டப்பட்ட எதிரி யூதன். பியாப்பன் குடியானவனுக்கு எதிரி நெற்றியில் விபூதியோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். நிலம் போனது உண்மை, அது அவன் பேருக்குப் போனதும் உண்மை. விலை எங்கே விழுந்தது என்பதைக் குடியானவனுக்கு யார் சொல்வது? என் தாத்தாவுக்கே அது 1950-களில்தான் தெரிந்தது.

தாத்தா 1933-ல் ஊர் திரும்பினார். சம்பளப் பாக்கிக்கு முதலாளி கொடுத்தது ஒரு தகரப் பெட்டியும் கப்பல் டிக்கெட்டும். பெட்டிக்குள் அந்தப் பேரேட்டின் நகல் எப்படி வந்தது என்று அவர் சொன்னதில்லை. பர்மியப் பெயர்கள், தமிழ் எழுத்தில், மை வெளுத்துப் போய். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பற்று, வரவு. 1931-க்குப் பிறகு வரவுப் பக்கத்தில் ரூபாய் இல்லை, நில எழுத்து என்று மட்டும் போட்டிருக்கிறது. 43 பெயர்கள். ஒன்றின் ஓரத்தில் மட்டும் தாத்தாவின் கையெழுத்தில் கூடை எண்ணிக்கை இருக்கிறது. 1930-க்கும் 1931-க்கும் ஒரே எண்.

உங்கள் வீட்டுப் பரணிலோ இரட்டைப் பூட்டு அறையிலோ பாட்டையாவின் கணக்குக் கட்டுகள் இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1929-லிருந்து 1935 வரை உள்ள பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். கடை எந்த ஊரில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்