புலம்பெயர்ந்தவர்களின் சர்க்கரை நோய்க்குச் சமூக சுகாதாரப் பணியாளரால் என்ன பயன்?

டாக்டரும் நர்சும் இருக்கும்போது வீடு தேடி இன்னொருவர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவுரை சொல்ல மட்டும்தான் என்றால் தேவையே இல்லை. அதற்கு ஒரு துண்டுப்பிரசுரம் போதும். முதல் நாளே மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பார்க்கிறாரே, அங்கேதான் அவர் வேலை தொடங்குகிறது.

சொந்த நாட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு சர்க்கரை மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் இருக்கலாம். வெளியே தெரிவது பிராண்டுப் பெயர்தான். புது டாக்டர் கிளிமிபிரைடைத் தனியாக எழுதித் தர, இரண்டையும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதைக் குறித்து அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பணியாளர் வேலை அல்ல.

இன்சுலின் இன்னும் மோசம். இந்தியாவில் 1 மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி இன்றும் புழங்குகிறது. அதன் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் குப்பியில் 1 மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ஊர்க் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் வெறும் 8. ஆகவே, குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தீர வேண்டும்.

ரத்தச் சர்க்கரையின் அலகும் குழப்பும். கனடா, பிரிட்டன் மீட்டர் மில்லிமோலில் காட்டும்; 18ஆல் பெருக்கினால் ஊரில் பழகிய மில்லிகிராம் எண் வரும். மீட்டரில் 9 என்றால் 162. அதை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையின் 9 என்று எண்ணிப் பதறுபவர்கள் உண்டு.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். ‘சர்க்கரை (பழகிய மில்லிகிராம் எண்ணில்) 70க்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும். சரியான பதில்: 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் எடுத்து நீட்டினால் திருத்துங்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பதையும் அவர்களே செய்யட்டும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும்.

பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். மாத்திரையை விட்டுவிட்டதையோ அந்தரங்கக் கோளாறையோ தாய் பிள்ளை காதுபடச் சொல்லமாட்டார்.

இனி, நோய் வருமுன் தடுப்பது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 31. 80 கிலோ ஆளுக்கு அந்த 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம்தான். ஆனால் யாரைச் சேர்ப்பது என்பதிலேயே கோட்டைவிடுகிறார்கள். ஆசியர்களை உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23லேயே சோதிக்க வேண்டும். 25 வரட்டும் என்று காத்திருந்தால், கை கால் ஒல்லியாக, தொப்பை மட்டும் விழுந்த ஆள் பட்டியலுக்கே வரமாட்டார். இடுப்பை அளக்கப் பையில் ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும்.