டீச்சர் கிட்ட கேளுங்க: ரெண்டுங்கெட்டான் மாசத்துல பெரு போலாமா?

போன இதழ்ல நான் தென் அமெரிக்காவுல இருக்கற பெரு நாட்டுக்கு ஒரு ஏப்ரல் மாசம் போய்ட்டு வந்ததை ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்தே இத்தனை கடிதம் வரும்னு நெனைக்கல. அதனால இந்த வாட்டி முழுக்க பெருதான்.

டீச்சர், எங்க மகன் கனடாவுல இருக்கான். ஏப்ரல்ல லீவு கிடைக்கும், நீங்க ரெண்டு பேரும் வாங்க, பெருவுல சந்திச்சு மச்சு பிச்சுன்னு மலை மேல இருக்கற அந்தப் பழைய கல்லு ஊரைப் பாப்போம்னு கூப்பிடுதான். எனக்கு 58, வீட்டுல அவங்களுக்கு 64, பிரஷர் மாத்திரை போடுதாவ. இங்க டிராவல்ஸ்ல கேட்டா ஏப்ரல்ல மழை, ஜூலைல போங்கன்னு சொல்லுதாவ, பக்கத்து வீட்டுல பனி கொட்டும்னு பயங்காட்டுதாவ. மழையும் இல்லாம வெயிலும் இல்லாம ரெண்டுங்கெட்டான் மாசமா இருக்கே, போலாமா? - வாசகி, தக்கலை

போங்க. ஏப்ரல் பின்பாதில போங்க, முடிஞ்சா 15ஆம் தேதிக்கு மேல.

பெரு பூமத்திய ரேகைக்குத் தெக்க இருக்கு. மச்சு பிச்சு போறவங்க போய் இறங்குற மலை நகரம் குஸ்கோ, அது பதிமூணரை டிகிரி தெக்கே, நாம எட்டு டிகிரி வடக்கே, அவ்வளவுதான், ரெண்டுமே வெப்பமண்டலம். அதனால அங்க நாலு பருவம்னு நெனைக்கக் கூடாது, மழைக்காலம் வெயில்காலம்னு ரெண்டுதான் கணக்கு. மலைல நவம்பர்ல இருந்து மார்ச் வரை மழை, மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத வெயில்காலம். ஏப்ரல் நடுவுல நிக்குது. குஸ்கோவுல ஜனவரில 150 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும், ஏப்ரல்ல அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான், அதுவும் நாள் முழுக்க இல்ல. நீங்க தக்கலைக்காரங்க, உங்களுக்கு இது புரியும், நம்ம பேச்சிப்பாறை குலசேகரம் பக்கம் சித்திரைல எப்படி இருக்கும்? காலைல வானம் பளிச்சுன்னு இருக்கும், மத்தியானம் மலைப் பக்கம் கருக்கும், மூணு மணிக்கு மேல ஒரு இடி, ஒரு மழை, அப்புறம் தெளிஞ்சிடும். குஸ்கோ ஏப்ரலும் அப்படித்தான். பாக்க வேண்டியதை காலைல முடிச்சிட்டு மத்தியானத்துக்கு மேல ரூமுக்குப் பக்கமா இருந்துக்கிட்டா போதும்.

பனி கொட்டும்ங்கறது ஊருக்குள்ள இல்ல. பகல்ல 20 டிகிரி, ராத்திரி நாலஞ்சு டிகிரிக்கு இறங்கும், ஸ்வெட்டர் கம்பளி வேணும், அது சரி. பனி இருக்கறது உசரமான சிகரத்துல, ஒயாந்தைதாம்போ பக்கம் வெரோனிகான்னு ஒரு சிகரம் இருக்கு, வெள்ளையா நிக்கும், ரயில்ல உக்காந்தே பாக்கலாம். ஜூலைல போனா வானம் இன்னும் தெளிவு, ஒத்துக்கிடுதேன், ஆனா கூட்டம் நெரியும், டிக்கெட் கிடைக்காது, ராத்திரி தண்ணி உறையுற அளவு குளிரு, மலையெல்லாம் காஞ்சு மஞ்சளா கிடக்கும். ஏப்ரல்ல மழை விட்ட கையோட போனா அந்தப் படிக்கட்டு வயலெல்லாம் என்ன பச்சை தெரியுமா, நம்ம நாஞ்சில் நாட்டு நடவு வயல் மாதிரி, இங்க தரைல இருக்கறது அங்க மலைச் சரிவுல ஏறிப் போவுது. எனக்கு அந்தப் பச்சைக்காகவே ஏப்ரல்தான் பிடிச்சிருக்கு.

ஆனா தங்கச்சி, நீங்க மழையைப் பத்தி கேட்டிய, நான் உயரத்தைப் பத்தி சொல்லுதேன், ஏன்னா உங்க வீட்டுக்காரங்களுக்கு 64, பிரஷரும் இருக்கு, நீங்க பயப்பட வேண்டியது அதுக்குத்தான். தென்னிந்தியாவுலயே பெரிய மலை ஆனைமுடி, 2,695 மீட்டர். குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் கிட்ட. ஆனைமுடி உச்சிக்கு மேல இன்னும் 700 மீட்டர் ஏத்தி அங்க ஒரு ஊரு, கடைத்தெரு, சர்ச்சு, பஸ் எல்லாம் இருக்குன்னு வச்சிக்கிடுங்க. அவ்வளவு உசரத்துல மூச்சுக்குக் காத்து கம்மி. கடலோரத்துல இருக்கற தலைநகரம் லிமால இருந்து பிளேன்ல ஒண்ணேகால் மணி நேரத்துல அங்க கொண்டு இறக்கிடுவாங்க. எங்களுக்கு பயணத்தைப் போட்டுக் குடுத்த ஏஜென்ட் இறங்கின அன்னைக்கே குஸ்கோவுல சிட்டி டூர் போட்டிருந்தாங்க, என் வீட்டுக்காரங்க ஒரு தெரு ஏறுறதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்துட்டாங்க, ராத்திரி முழுக்க தலைவலி, வாந்தி, நான் ஜெபமாலையும் கையுமா விடிய விடிய முழிச்சிருந்தேன். அதை நெனைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது. அதனாலதான் கெஞ்சிக் கேக்கேன், நீங்க அப்படிப் போடாதீங்க.

இப்படிப் போடுங்க. குஸ்கோ ஏர்போர்ட்ல இறங்கின உடனே கார் பிடிச்சு புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிடுங்க, உருபாம்பாவோ ஒயாந்தைதாம்போவோ, ரெண்டும் 2,800 மீட்டர் அளவுலதான், அங்க மூணு ராத்திரி. முதல் நாள் ஒண்ணும் பாக்க வேண்டாம், தண்ணி நிறைய குடிச்சு கொஞ்சமா சாப்பிட்டு படுத்துக்கிடுங்க. நாலாவது நாள் ஒயாந்தைதாம்போவுல ரயில் ஏறி மச்சு பிச்சு அடிவாரத்து ஊரு அகுவாஸ் காலியென்தேஸ், அது 2,000 மீட்டர் சொச்சம்தான், நம்ம ஊட்டியை விடக் கம்மி. மச்சு பிச்சுவே 2,430 மீட்டர்தான். அப்போ ஒடம்பு பழகியிருக்கும், கடைசியா குஸ்கோவுக்கு ஏறி மூணு நாள் நிதானமா பாக்கலாம். பலபேரு குஸ்கோல ஆரம்பிச்சு அல்லாடுதாங்க, திருப்பிப் போட்டா அந்தக் கஷ்டமே பாதி இல்ல. போறதுக்கு முன்ன டாக்டர் கிட்ட பிரஷர் மாத்திரையைப் பத்தியும் உயரத்துக்குன்னு குடுக்கற மாத்திரையைப் பத்தியும் கேட்டுக்கிடுங்க, நீங்களா வாங்கிப் போடாதீங்க. அங்க ஓட்டல்ல எல்லாம் கோகா இலை டீ குடுப்பாங்க, குடிச்சா கொஞ்சம் இதமா இருக்கும், ஆனா அந்த இலையை பையில போட்டு ஊருக்குக் கொண்டு வந்துடாதீங்க, இங்க அது சட்டப்படி குத்தம்.

வானவில் மலைன்னு ஒண்ணு உங்க மகன் போட்டோல பாத்துட்டு கேப்பான். 5,000 மீட்டருக்கு மேல. அவன் மட்டும் போகட்டும், நீங்க ரெண்டு பேரும் வேண்டாம்.

மச்சு பிச்சுக்கு டிக்கெட் நேரம் போட்டு, எந்தப் பாதைன்னும் போட்டுத்தான் குடுப்பாங்க, முன்கூட்டியே எடுக்கணும், வாசல்ல ஒரிஜினல் பாஸ்போர்ட் காட்டணும். ஏப்ரல்ல ஆறு மணி டிக்கெட் எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். நாங்க விடியக்காலமே ஏறிப் போய் நின்னா எதிர்ல ஒண்ணுமே இல்ல, வெள்ளை வேட்டியை விரிச்சுப் போட்ட மாதிரி மேகம், ஆறு மணி ஏழு மணி ஆச்சு, பக்கத்துல நின்ன ஆளையே தெரியல, எட்டரைக்கு மேல அது சுருண்டு சுருண்டு மேல போச்சு பாருங்க, முதல்ல எதிர்ல நின்ன மலை மூக்கு, அப்புறம் ஒரு கல்லுச் சுவர், அப்புறம் ஊரு முழுசும். எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எட்டு ஒம்பது மணி டிக்கெட் எடுங்க, முடிஞ்சா அடிவாரத்துல ரெண்டு ராத்திரி தங்கி ரெண்டாம் நாளைக்கும் ஒரு டிக்கெட் வச்சிக்கிடுங்க, ஒரு நாள் மூடினாலும் இன்னொரு நாள் தெறக்கும்.

இன்னொண்ணு. மழை விட்டாலும் மலை ஊறித்தான் கிடக்கும். 2021 நவம்பர் மழைல நம்ம நாகர்கோவில் - திருவனந்தபுரம் தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சு ரயில் நின்னது ஞாபகம் இருக்கும்லா, அங்கயும் அப்படித்தான், 2010 ஜனவரில ஆத்து வெள்ளம் தண்டவாளத்தை அரிச்சு ஆயிரக்கணக்கான டூரிஸ்டுங்க மாட்டிக்கிட்டு ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்தாங்க, மச்சு பிச்சு மறுபடி தெறந்தது ஏப்ரல் 1ஆம் தேதிதான். ஏப்ரல் பின்பாதின்னு நான் சொல்றது இதையும் மனசுல வச்சுத்தான். திரும்புற பிளைட்டுக்கு முன்ன ஒரு நாள் சும்மா விட்டு வைங்க, மச்சு பிச்சுல இருந்து நேரா ஏர்போர்ட்னு மட்டும் திட்டம் போடாதீங்க.

டீச்சர், லிமா நம்ம ஊர் மாதிரியே கடலோரம், பூமத்திய ரேகைக்கும் பக்கம். ஆனா அங்க மழையே கிடையாதுன்னு படிச்சேன். எப்படி? - பிளஸ் டூ மாணவன், குளச்சல்

நல்ல கேள்வி மக்களே, இதுக்குப் பதில் உங்க அப்பா தாத்தாவுக்குப் பாதி தெரியும்.

ஆனி ஆடில குளச்சல் கடல்ல தண்ணி சில்லுன்னு ஆவும், கேட்டுப் பாரு. மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து வீசும்போது கரையோரத் தண்ணி வெளிய தள்ளிப் போவும், அந்த இடத்துக்கு அடில இருந்து குளுந்த தண்ணி மேல வரும், அதுல சத்து இருக்கும், அதை நம்பி சாளையும் நெத்தோலியும் கூட்டங்கூட்டமா வரும். நமக்கு அது சில மாசம். பெருவுல அது வருஷம் பூரா. தெக்க இருந்து ஹம்போல்ட் நீரோட்டம்னு குளுந்த தண்ணி கரையை ஒட்டியே வருது, காத்தும் அடித் தண்ணியை மேல இழுக்குது. கடல் குளுந்து கிடக்கறதால அதுக்கு மேல இருக்கற காத்தும் குளுந்துடும், அதுக்கு மேல சூடான காத்து மூடி மாதிரி உக்காந்துக்கும், அதனால மேகம் மேல எழும்பி கருக்க முடியாது. கிழக்க அமேசான் பக்கம் இருந்து வர்ற ஈரத்தை ஆண்டிஸ் மலை தடுத்துடுது. ஆக ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் கிட்ட பெய்யுது, லிமால சில மில்லிமீட்டர், கடலை ஒட்டி பாலைவனம். மேகம் மட்டும் தாழ வந்து மாசக்கணக்கா நிக்கும், அந்த ஊர்க்காரங்க அந்த வானத்துக்கு 'கழுதை வயிறு'ன்னு பேர் வச்சிருக்காங்க, அப்படி ஒரு சாம்பல் நிறம். அதுல இருந்து தூவுற சின்னத் தூத்தலுக்கு கருவான்னு பேரு. அது ஜூன்ல பலமாயிடும். ஏப்ரல்ல கோடை முடியற நேரம், லிமால இன்னும் வெயில் பாக்கலாம், தக்கலை அம்மா கேட்டதுக்கும் இது ஒரு காரணமா சேத்துக்கிடட்டும்.

அந்தக் குளுந்த தண்ணில வாழற பெரு நெத்தோலிதான், பெரும்பாலான வருஷம் உலகத்துலயே ஒரே இனமா அதிகம் பிடிக்கற மீன். பெரும்பாலும் சாப்பிடறதுக்கு இல்ல, மீன்தூளாக்கிடுதாங்க. சில வருஷம் கிறிஸ்மஸை ஒட்டி கடல் சூடாயிடும், நெத்தோலி காணாமப் போயிடும். அங்க உள்ள மீனவங்கதான் அதுக்கு எல் நினோன்னு பேர் வச்சாங்க, குழந்தை இயேசுன்னு அர்த்தம். இன்னைக்கு உலகம் முழுக்க டிவில சொல்ற அந்தப் பேரு கடற்கரைல வலை இழுத்தவங்க வாயில இருந்து வந்தது, இதை நான் கிளாஸ்ல சொல்லும்போது எப்பவும் சந்தோஷப்பட்டுத்தான் சொல்லுவேன். எல் நினோ வருஷத்துல பெருவோட வடக்குக் கரைல மழை கொட்டித் தீக்கும், 2017ல பியூரா ஊரே வெள்ளத்துல கிடந்தது. அந்த மாதிரி வருஷம் ஏப்ரல்ல வடக்குக் கரைக்குப் போறவங்க அந்த நாட்டு வானிலை அலுவலகம் செனாம்ஹி சொல்றதைப் பாத்துட்டுப் போகணும். மத்த வருஷம் நீ என்னைக்காவது போனா வான்சாகோன்னு ஒரு ஊருக்குப் போ, கோரைப்புல்லைக் கட்டி ஒத்தை ஆள் ஏறிப் போற வள்ளம் வச்சிருக்காங்க, அலையைத் தாண்டுற விதத்தைப் பாத்தா நம்ம கட்டுமரம் ஞாபகம் வரும்.

அங்க சாப்பாடு ஒத்துக்குமா? சோறு கிடைக்குமா? - வாசகர், கருங்கல்

சோறு தாராளமா கிடைக்கும். சைனாக்காரங்க நூறு வருஷத்துக்கு மேல அங்க இருக்காங்க, 'சீஃபா'ன்னு அவங்க கடை தெருவுக்குத் தெரு, ஃப்ரைட் ரைஸ் சூடா தருவாங்க. நம்ம மரச்சீனிக் கிழங்குக்கு சொந்த ஊரே தென் அமெரிக்காதான், அங்க யூகாம்பாங்க, அவிச்சும் பொரிச்சும் தருவாங்க, மீனோட சாப்பிட்டா கருங்கல்ல இருக்கற மாதிரியே இருக்கும், மொளகு மட்டும் கம்மி. உருளைக்கிழங்கும் அந்த மலைல பிறந்ததுதான், ஆயிரக்கணக்குல ரகம், சந்தைல ஊதா, செவப்பு, கருப்புன்னு குவிச்சு வச்சிருப்பாங்க. செவீச்சேன்னு பச்சை மீனை எலுமிச்சைச் சாறுல ஊற வச்சுத் தருவாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா மலைக்கு ஏறுறதுக்கு முந்தின நாள் வேண்டாம், வயித்துக்கு சோதனை வைக்கற நாள் இல்ல அது.

அமெரிக்கா விசா இருக்கு, பெருவுக்குத் தனியா விசா வேணுமா? ஊசி போடணுமா? - வாசகர், குலசேகரம்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இதுல ஒண்ணு இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடி ஆகுற விசாவா இருந்தா இந்தியர்களுக்கு பெரு தனி விசா கேக்கறதில்ல, இல்லன்னா டெல்லில இருக்கற தூதரகத்துல வாங்கணும். விதி மாறிக்கிட்டே இருக்கும், டிக்கெட் போடுறதுக்கு முன்ன தூதரகத்துல ஒரு வாட்டி கேட்டுடுங்க, வழில பிளேன் மாறுற நாட்டுக்கு டிரான்சிட் விசா வேணுமான்னும் பாத்துக்கிடுங்க.

ஊசி விஷயம் முக்கியம். பெருவுல இருந்து திரும்பி வர்றவங்க கிட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சர்டிபிகேட் நம்ம இந்தியாதான் கேக்குது, இல்லன்னா ஆறு நாள் வரை தனிமைல வச்சிடலாம். கெளம்புறதுக்கு பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும், அங்கீகாரம் உள்ள மையத்துல மட்டும்தான், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க, ஒரு வாட்டி போட்டா ஆயுசுக்கும் போதும். 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு இந்த ஊசில கொஞ்சம் ஆபத்து கூடுதல், தக்கலை அம்மா இதையும் படிங்க, வீட்டுல அவங்களுக்குப் போடுறதுக்கு முன்ன டாக்டர் கிட்ட கண்டிப்பா பேசுங்க.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துல அங்க இருந்தா ஏதாவது விசேஷம் உண்டா? - வாசகி, கோட்டாறு

உண்டு, நல்லா உண்டு. குஸ்கோ கதீட்ரல்ல ஒரு பழைய சிலுவைநாதர் சுரூபம் இருக்கு, மெழுகுதிரிப் புகையிலயே கருத்துப் போச்சும்பாங்க. 1650ல பெரிய நிலநடுக்கம் வந்தப்போ அதை வெளிய எடுத்து வந்து ஜெபிச்சாங்க, அதுல இருந்து நிலநடுக்கத்தின் ஆண்டவர்னு பேரு. பெரிய வாரத் திங்கக்கிழமை தெருவெல்லாம் சுத்திக் கொண்டு போவாங்க, சனங்க 'ஞூச்சு'ன்னு ஒரு செவப்புப் பூவை மேல தூவுவாங்க, அது கிறிஸ்துவோட ரத்தம்னு அவங்க நம்பிக்கை. நம்ம சவேரியார் கோயில் தேர் அன்னைக்கு கோட்டாறுல எப்படி நெரிசலோ அப்படி இருக்கும். ஈஸ்டர் முந்தி வர்ற வருஷம்னா பெரிய வாரத்துல மழை இன்னும் மிச்சம் இருக்கும், அதனால மத்தியானமே போய் கதீட்ரல் முன்னால உள்ள சதுக்கத்துல ஓரமா எடம் பிடிச்சுக்கிடுங்க, குடை வேண்டாம், பின்னால நிக்கறவங்களுக்கு மறைக்கும், தலையோட மூடுற ரெயின்கோட் கொண்டு போங்க.